நாலு விரல் இடம்

மீரா சாகிபு பட்டறையில் மூன்று வண்டி நின்றது. மூன்றுமே மொட்டை வண்டி. கூண்டு கிடையாது, பக்கப் பலகை கிடையாது. சாதாரண மாட்டு வண்டியில் அடங்காத சாமானை ஏற்ற வேண்டுமென்றால் சிகாமட் வட்டாரத்தில் அவரிடம்தான் வர வேண்டும். தோட்டத்து வண்டிக்காரன் செல்லப்பன் விடிந்ததிலிருந்து மூன்றையும் சுற்றிச் சுற்றி வந்தான். அச்சைத் தட்டினான், குனிந்து அடிவயிற்றைப் பார்த்தான், காறித் துப்பினான்.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு நேரம் பாக்க மாட்டான்" என்றார் மீரா சாகிபு. "எதையாச்சும் புடிச்சுக்கிட்டுப் போங்களேன் அண்ணே. கடையத் தொறக்கணும் நான்."

"நீங்க கடையத் தொறங்க பாய். வண்டி கவுந்தா நசுங்குறது உங்க கடையா, என் மாடா?"

ரயிலடியில் பாய்லர் வந்து கிடந்தது. ஏழு முழ நீளம். ஆள் உயரத்துக்கு உருட்டு இரும்பு. அதன் உச்சியில் குடத்தைக் கவிழ்த்த மாதிரி ஒரு குமிழ். தோட்டத்து இஸ்டோரில், அதாவது ரப்பர் பால் உறைய வைத்துத் தகடு போடுகிற ஆலையில், பழைய பாய்லர் வெடிப்பு விட்டு மூன்று வாரம். மிசின் ஓடவில்லை. பால் புளித்து நாறியது. கார்த்திகை மழை வேறு. ஆற்றில் தண்ணி ஏறினால் பாலம் முழுகிவிடும். சனிக்கிழமைக்குள் பாய்லர் இஸ்டோருக்கு வராவிட்டால் மாட்டை விற்று வண்டிக் கொட்டகையைப் பூட்டிவிட்டு, லோரி வாங்கப் போவதாகப் பெரிய துரை சொல்லிவிட்டார்.

துரை சொன்னால் சொன்னதுதான். கொட்டகை போனால் கொட்டகையை ஒட்டிய வீடும் போச்சு. செல்லப்பனுக்கு ஐம்பத்தெட்டு வயது. சக்கரம் ஏறி ஒடிந்த இடது கால், பாலெடுக்க மரம் வெட்ட நிற்காது. உதவாத ஆளைத் தோட்டம் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிவிடும். வீட்டில் மகள் சந்திரமதி, நிறைமாதத்தோடு பிரசவத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

கிராணி தங்கராஜு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவன். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, கையில் அளவு நாடா. நாடா வைத்திருக்கிறவன் எல்லாம் அளக்கத் தெரிந்தவன் என்று துரைமார்கள் நம்பிக்கொண்டிருந்த காலம்.

"இன்னுமா ஏத்தல? அந்த மேடை வண்டிய எடு செல்லப்பா. துரை காகிதத்துல அதான் எழுதியிருக்காரு."

மேடை வண்டி என்றால் நாலு சக்கரத்துக்கும் மேலே பலகைத் தளம். மூன்றில் அதுதான் புதுசு, பச்சை வர்ணம் பூசியது.

"துரை எழுதுனாரு. துரைவீட்டுச் சமையக்காரனும் எழுதுவான். பால்வண்டிப் பாலத்துக்குக் கீழ எப்பிடிய்யா போவும்?"

தோட்டத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது வண்டிப் பாதை இரண்டு மேட்டுக்கு நடுவே பள்ளமாக வெட்டிப் போகிறது. அந்த மேட்டிலிருந்து இந்த மேட்டுக்குத் தண்டவாளம் போட்டு, பால் தொட்டி வைத்த தள்ளுவண்டியை ஆட்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். கீழே போகிற வண்டி அந்த இருப்புப் பாலத்துக்கு அடியில் நுழைந்துதான் ஆக வேண்டும்.

"போவாதா?"

"மேடையே என் இடுப்பு ஒசரம். அதுக்கு மேல பாய்லரு. அதுக்கு மேல குமிழு. நீங்க பாலத்தக் கழட்டி வக்கிறீங்களா?"

"பாய்லர உருட்டிச் சாய்ச்சுப் போடு. குமிழு பக்கவாட்டுல போயிரும்."

"போயி? ரெண்டு பக்கமும் வெட்டுன மேடு. வண்டிக்கு ஒரு கையகலம் இடம் இல்ல. குமிழு மேட்ட உழுதுக்கிட்டே வருமா? அலமாக்! உங்கள யாருய்யா கிராணி ஆக்குனது?"

மீரா சாகிபு சிரிப்பை அடக்கத் தாடியைத் தடவினார். "அப்ப மர வண்டிய எடுங்களேன் அண்ணே."

மர வண்டிக்குத் தளமே இல்லை. முன்னால் ஒரு சோடிச் சக்கரம், பின்னால் ஒரு சோடி, நடுவில் பனைமர நீளத்துக்கு ஒரு கட்டை. காட்டு மரத்தை அதில் சங்கிலி போட்டுக் கட்டி இழுப்பார்கள்.

"இது சீனன் கடை முக்குல திரும்பாது பாய். முன்சக்கரம் திரும்பும், பின்சக்கரம் கடைக்குள்ள போயி கருவாட்டுக் கூடைய இழுத்துக்கிட்டு வெளிய வரும். அவன் கத்தி எடுத்துக்கிட்டு வருவான். கிராணி ஐயா போயிப் பேசுவாரா?"

"அப்ப மிச்சம் இருக்கறது தொட்டில்தான்."

மூலையில் கிடந்தது தொட்டில் வண்டி. பார்க்க லட்சணம் இல்லை. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் தளம் தாழ்ந்து, தரையிலிருந்து ஒரு சாணும் நாலு விரலும்தான் இருந்தது. சாமான் தொட்டிலில் கிடக்கிற மாதிரி உள்ளே உட்காரும்.

"இதுவா? மலாய்க்காரங்க ஊருல, கம்பத்துப் பாலம் ஆமை முதுகாட்டம் இருக்கு. நடு வயிறு தட்டி நிக்கும்" என்றான் கிராணி.

"அது தட்டும். ஆனா அதுக்கு வழி இருக்கு. எட்டுப் பலகை கொண்டுபோயி ரெண்டு எறக்கத்துலயும் போட்டுச் சரிவ நீட்டுனா ஏறி எறங்கிரும். இருப்புப் பாலத்துக்குப் பலகை போட்டு என்னா செய்யிறது?"

செல்லப்பன் மடியிலிருந்து கயிற்றை எடுத்தான். நேற்றே பாதை முழுக்க நடந்து பாலத்தின் உயரத்துக்கு அதில் ஒரு முடிச்சும், ரயிலடியில் குமிழ் வரை பாய்லரின் உயரத்துக்கு இன்னொரு முடிச்சும் போட்டிருந்தான். தொட்டில் தளத்துக்குப் பாய்லர் உயரத்தைக் கூட்டிப் பிடித்தான். பாலத்து முடிச்சுக்கும் குமிழ் வர வேண்டிய இடத்துக்கும் நடுவில் அவன் விரல் நாலு நுழைந்தது.

"நாலு விரலா! அதை நம்பி ஏத்தப் போறியா?" என்றான் கிராணி.

"உங்கள நம்புறதுக்கு நாலு விரல நம்பலாம். இன்னொண்ணு, பாலத்துக்கு அடியில ஒரே சேறு. சக்கரம் பொதைஞ்சிரும். மூணு நாளா கத்துறேன்."

"அதுக்கு நான் ஏற்பாடு பண்ணிட்டேன். நீ உன் வேலையப் பாரு."

ஏற்பாடு என்னவென்று செல்லப்பன் கேட்டிருக்கலாம். கிராணி செய்கிற ஏற்பாட்டைக் கேட்டால் வயிறுதான் எரியும் என்று கேட்கவில்லை.

வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெரிய பாரத்துக்கு வண்டி பிடித்த நேரத்திலிருந்து பாரம் இறக்குகிற வரைக்கும், வீட்டில் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. எந்த வழி, எங்கே மேடு, எப்போது வருவே என்று பெண்டுபிள்ளை கேட்டால் சக்கரம் நின்றுவிடும் என்பார்கள். செல்லப்பன் மனுஷரில் யாரையும் நம்பாதவன். இதை மட்டும் விடாமல் நம்பினான்.

அன்று மாலை குறுக்கு வழியில் வீட்டுக்கு வந்து காலைக் கழுவினான். அங்கம்மா, அவன் பெண்டாட்டி, புல்வெட்டுக் கும்பலில் வேலை பார்க்கிறவள். மரவள்ளிக்கிழங்கும் நெத்திலிச் சம்பலும் தட்டில் வைத்தாள். அவள் கையெல்லாம் சிவப்பு மண், தேய்த்தும் போகவில்லை.

"இந்தா பாருங்க, இன்னைக்கிப் புல்லு வெட்ட விடல. இருப்புப் பாலத்துல எங்கள..."

"ஏய்!" செல்லப்பன் தட்டைத் தள்ளினான். "வண்டி புடிச்சாச்சு. வாயத் தொறக்காத."

"நான் ஒண்ணும் உங்க வண்டியப் பேசல. அந்தக் கிராணி வந்து..."

"பாதையப் பேசாதன்னா பேசாத. மக வயித்துல புள்ளய வச்சுக்கிட்டுக் குந்தியிருக்கா. நீ வேற ஏன் சனியன இழுக்குற?"

"ஆமா, நான்தான் கயிறு கட்டி இழுக்குறேன். கெழங்கத் தின்னுங்க."

மறுநாள் புதன்கிழமை. வெறும் மாட்டை ஓட்டிப் போக வண்டிப் பாதை எதற்கு? ரப்பர் மரத்துக்குள் குறுக்கே போனால் மூன்று மைல் மிச்சம். செல்லப்பனும் ஐயாசாமியும் நாலு சோடி மாட்டையும் அந்த வழியாகத்தான் டவுனுக்கு ஓட்டிப் போனார்கள். ஐயாசாமி அதே கொட்டகையில் இன்னொரு வண்டிக்காரன், முப்பது வயசு, எதற்கும் சிரிக்கிறவன். ரயிலடிக் கூலிகள் பன்னிரண்டு பேர் கடப்பாரையும் உருட்டுக் கட்டையும் வைத்துப் பாய்லரைத் தொட்டிலில் இறக்க மத்தியானம் ஆகிவிட்டது. சங்கிலி போட்டு முறுக்கிக் கட்டி, மாட்டுக்கு ஐயாசாமியைக் காவல் வைத்துவிட்டு, செல்லப்பன் மட்டும் அதே குறுக்குப் பாதையில் வீடு திரும்பினான். மகளுக்கு வலி கண்டிருக்குமோ என்று பயம்.

மகள் நன்றாக உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அங்கம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள்.

"அப்பா, அம்மா ஒண்ணு சொல்லணுமாம்" என்றாள் சந்திரமதி.

"பாதையா?"

அங்கம்மா திரும்பாமலே சொன்னாள்: "பாதைதான்."

"அப்ப வேணாம்."

"உங்க நல்லதுக்குத்தான்..."

"என் நல்லதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம். சாமான் எறங்கட்டும், ஒரு மாசத்துக்கு உக்காந்து சொல்லு. கேக்குறேன்."

அங்கம்மா அகப்பையைச் சட்டியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். முப்பது வருசம் இந்த ஆளோடு குப்பை கொட்டினவள். சுவரிடம் சொல்லலாம், இவனிடம் சொல்ல முடியாது என்று தெரியும்.

வியாழக்கிழமை காலை வண்டி கிளம்பியது. நாலு சோடி மாடு, முன்னால் செல்லப்பன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. சீனன் கடை முக்கில் ஒரு சாண் இடம் விட்டுத் திரும்பியது. கடைக்காரன் கருவாட்டுக் கூடையை உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு ஏதோ திட்டினான். கம்பத்துப் பாலத்தில் எட்டுப் பலகையும் போட்டு இழுத்தார்கள். நடு வயிறு பலகையில் உரசி முனகிற்றே தவிர நிற்கவில்லை. ஆற்றுத் தண்ணி பாலத்துக் கட்டையை நக்கிக்கொண்டு ஓடியது.

"அண்ணே, தொட்டில் நல்ல தொட்டில்தாண்ணே!" என்று கத்தினான் ஐயாசாமி.

"வாய மூடு. இன்னும் இருக்கு."

இரண்டு மணிக்கு இருப்புப் பாலம் வந்தது. வானம் ஈயச்சட்டி மாதிரி கறுத்திருந்தது. சேறு இருந்த இடத்தில் செங்கல் நிறத்தில் புதுப் பாதை. கல்லும் செம்மண்ணும் கொட்டி இடித்து இறுக்கியிருந்தது. மாடு ஏறியது, முன்சக்கரம் ஏறியது. பரவாயில்லையே, கிராணி ஒரு வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறானே என்று செல்லப்பன் நினைத்து முடிக்கவில்லை.

ணங்!

வண்டி நின்றது. பின்சோடி மாடு முழங்கால் மடங்கி எழுந்தது. பாய்லரின் குமிழ் இருப்புப் பாலத்தின் உத்தரத்தில் முட்டி நின்றது. மேலே தள்ளுவண்டியோடு வந்த ஆட்கள் பயந்து பின்னால் ஓடினார்கள்.

செல்லப்பன் நொண்டிக்கொண்டே ஓடிப் பார்த்தான். நாலு விரல் இடம் இருக்க வேண்டியதற்கு, எட்டு விரல் இடிக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகப் பாய்லர் வளர்ந்துவிட்டதா? கயிற்றை எடுத்துப் பாலத்திலிருந்து தொங்கவிட்டான். பாலத்து முடிச்சு தரைக்குப் போய், தரையில் ஒரு சாண் மடங்கிக் கிடந்தது.

பாய்லர் வளரவில்லை. தரை வளர்ந்திருக்கிறது.

"எவன்யா மண்ணக் கொட்டுனவன்?"

மேட்டு ஓரத்தில் கூடையும் மண்வெட்டியுமாகப் பெண்கள் கும்பல் நின்றது. வேடிக்கை பார்க்க நின்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அங்கம்மா முன்னால் வந்தாள்.

"நான்தான் கொட்டுனேன். இந்தா ராசம்மா கொட்டுனா, வெள்ளையம்மா கொட்டுனா. முப்பது பேரு ரெண்டு நாளாக் கொட்டுனோம். இன்னும் என்னா கேக்கணும், கேளுங்க."

"அடிப்பாவி! சொல்லக் கூடாதா?"

"சொல்லக் கூடாதுன்னு சொன்னது யாரு? எங்க அப்பனா?"

ராசம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஐயாசாமி மாட்டுக் கழுத்தைத் தடவுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கிராணி சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். "என்னய்யா இது? நாலு விரல் இருக்குன்ன?"

"இருந்துச்சு! நீ ஒரு சாண் மண்ணப் போட்டு ஏத்துனா எப்பிடிய்யா இருக்கும்? அறிவு வேணாம்?"

"நீதானய்யா சேறு சேறுன்னு மூணு நாளாக் கத்துன!"

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பெரிய துரை இறங்கி வந்து பாய்லரைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். இருபது வருசமாகத் தோட்டத்தில் இருக்கிற துரை. ஏவுகிற தமிழ் மட்டும் வரும்.

"ஏன் நிக்குது? யார் இந்த மண்ணு போட்டான்?"

கிராணி முந்திக்கொண்டான். "கூலிப் பொம்பளைங்க சார். ஒரு பிடி போடச் சொன்னேன், ஒரு சாண் போட்டுட்டாங்க."

"பேர் எழுது. ரெண்டு நாள் பேர் வெட்டு."

முப்பது பேருக்கு இரண்டு நாள் கூலி போச்சு. ராசம்மாவின் சிரிப்பு நின்றது. அங்கம்மா புருசனைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதுதான் செல்லப்பனுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பான்.

"துரை" என்றான். "சேறுன்னு மண்ணு கேட்டது நானு. போடச் சொன்னது கிராணி. போட்டத என் வீட்டுக்காரி ரெண்டு நாளா சொல்ல வந்தா. பேசாதன்னு வாய அடச்சதும் நானு. வெட்டுறதா இருந்தா எங்க ரெண்டு பேரு பேர வெட்டுங்க."

துரை அவனை மேலும் கீழும் பார்த்தார். "பேர் அப்புறம். பாய்லர் எப்பிடி போவும்?"

கிராணி நாடாவை இழுத்தான். "எல்லா மண்ணையும் வாரிரலாம் சார்."

"வாரு" என்றாள் வெள்ளையம்மா. "ரெண்டு நாளு போட்டத ரெண்டு மணி நேரத்துல வாருவியா? கொட்டச் சொன்னா கொட்டணும், அள்ளச் சொன்னா அள்ளணும். இந்தா கூடை, நீ வாரு."

முதல் தூற்றல் விழுந்தது. அங்கம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "வண்டி முழுக்கவா தரையில நடக்குது? சக்கரந்தான நடக்குது. சக்கரத்துக்கு ரெண்டு வரி வெட்டி விட்டா ஆவாதா?"

கிராணி வாயைத் திறந்தான். செல்லப்பன் கையைக் காட்டி அவனை அடக்கினான். குனிந்து தொட்டிலின் அடிவயிற்றில் கையை வைத்து அளந்தான். ஒரு சாணும் நாலு விரலும். சக்கரம் ஒரு சாண் இறங்கினால் மேலே குமிழுக்கு நாலு விரல், கீழே வயிற்றுக்கு நாலு விரல்.

"ஆவும்" என்றான்.

"பலகை போட்டுக்க. பழைய சேறு அடியில இருக்கு" என்றான் கிராணி.

"பலகையே நாலு விரல் கனம்யா. மறுபடி முட்டும்."

"சாக்கு போடலாம்" என்றாள் அங்கம்மா. "நாலா மடிச்சு மிதிச்சா அப்பளமாட்டம் ஆயிரும்."

மாட்டை அவிழ்த்துப் பின்பக்கம் பூட்டி வண்டியை முதலில் பின்னால் இழுத்தார்கள். பெண்கள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்கள். இறுகின செம்மண் கல்லாகக் கிடந்தது; வெட்டினால் நெருப்புப் பொறி பறந்தது. போடும்போது நன்றாக இடிக்கவில்லை என்று ஏசினவன் கிராணிதான். அதைச் சொல்லிச் சொல்லி வெட்டினார்கள். மழை கனத்தது. செல்லப்பன் கயிற்றையும் பிடித்துக்கொண்டு வரிக்குள் இறங்கி, சாண் போட்டு அளந்துகொண்டே முன்னால் நகர்ந்தான்.

"இங்க ஒரு விரல் கொறையுது புள்ள."

"கண்ணு தெரியுதுல்ல? தள்ளி நில்லுங்க, கால்ல போட்டுரப் போறேன்" என்றாள் அங்கம்மா.

தோட்டத்து உரச் சாக்கெல்லாம் வந்தது. மடித்து, மிதித்து, வரி நெடுகப் பரப்பினார்கள். மறுபடி நாலு சோடியையும் முன்னால் பூட்டியபோது ஐந்து மணி. செல்லப்பன் தார்க்குச்சியைக் கீழே போட்டுவிட்டுத் தலைமாட்டின் கொம்புக்கயிற்றைக் கையில் பிடித்தான். "ஹை" என்று மட்டும் சொன்னான்.

சக்கரம் வரிக்குள் இறங்கியது. சாக்கு பிதுங்கியது, சேறு குப்பென்று பொங்கியது. வண்டி இரண்டு விரல் புதைந்தது, நாலு விரல் புதைந்தது. நடு வயிறு மண்ணைத் தடவ ஆரம்பித்தது. மேலே குமிழ் உத்தரத்துக்கு அடியில் நுழைந்தது. மழைத்தண்ணி பாலத்திலிருந்து ஒழுகி அதன் மேல் கம்பியாக விழுந்தது.

"நிறுத்தாதீங்கண்ணே! நிறுத்துனா போச்சு!" ஐயாசாமி கத்தினான்.

பெண்கள் கூடையைப் போட்டுவிட்டு வந்து வண்டியின் பின்னால் தோள் கொடுத்தார்கள். முப்பது பேர் மூச்சும் ஒன்றாகக் கேட்டது. வண்டி நகர்ந்தது. பாலத்தைத் தாண்டி, வரியின் கடைசியைக் கடந்து, பழைய பாதையில் நின்றது. மாடுகள் வாயில் நுரை தள்ளி நின்றன. செல்லப்பன் தலைமாட்டின் நெற்றியில் தன் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றான். மழையில் நனைந்த முகம், வேறொன்றும் தெரியவில்லை.

துரை மோட்டார் சைக்கிளை உதைத்தார். போகிறபோது கிராணியிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொல்வதற்குக் கசாயம் குடித்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"லோரி வந்திருந்தா இந்நேரம் ஆத்துக்கு அந்தப் பக்கமே நிக்குமாம். சனிக்கிழமை பாய்லரு இஸ்டோரு மேடையில ஒக்காந்துட்டா கொட்டகை இருக்கட்டுமாம். பேரு யாருக்கும் வெட்ட வேணாமாம்."

"உம் பேர வெட்டச் சொல்லலையா?" என்றாள் ராசம்மா.

வெளிச்சம் மங்குகிற நேரத்துக்கு வண்டி இஸ்டோருக்கு முன்னால் போய் நின்றது. இனி வாசல் வழியாக உள்ளே இழுத்துப் பாய்லரை மேடையில் இறக்க வேண்டியதுதான் பாக்கி. அதை வெள்ளிக்கிழமை செய்யலாம் என்று சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு, மாட்டைத் துடைத்துப் புல் போட்டுவிட்டு செல்லப்பன் வீட்டுக்கு வந்தான்.

சந்திரமதி சுடுதண்ணி வைத்துக் கொடுத்தாள். அங்கம்மா சோறு போட்டாள், முருங்கைக்கீரைக் குழம்பு ஊற்றினாள், சுட்ட கருவாடு வைத்தாள். கை இரண்டும் கொப்புளம். செல்லப்பன் இரண்டு வாய் தின்றான்.

"நீ சொன்ன மாதிரி வரி வெட்டுனது... நல்லதாப் போச்சு."

அங்கம்மா கருவாட்டை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ரெண்டு நாளா என்னமோ சொல்லணும்னியே. அது இந்த மண்ணு விசயம் மட்டுந்தானா, வேற எதுவும் இருக்கா?"

அங்கம்மா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"பாய்லரு இன்னும் வண்டியிலதான இருக்கு?"

"ஆமா."

"எறக்குற வரைக்கும் பாதையப் பேசக் கூடாதுல்ல?"

"அடி, இப்பச் சொல்லுன்னு நானே கேக்குறேன்ல!"

"இல்ல, சக்கரம் நின்னு போயிருமேன்னு பாத்தேன்." அவள் அடுப்புப் பக்கம் திரும்பிப் பானையை மூடினாள். "இஸ்டோரு வாசல்லயும் எங்களத்தான் மண்ணு போடச் சொன்னான் அந்தக் கிராணி. நேத்து மத்தியானம். எவ்வளவுன்னு இப்பச் சொல்லட்டுமா, நாளைக்கு முட்டுனப்பறம் சொல்லட்டுமா?"

செல்லப்பனின் கை சோற்றிலேயே நின்றது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் எழுந்து, கையைக் கழுவாமலே, ஆணியில் தொங்கிய ஈரக் கயிற்றை எடுத்தான்.

"வா" என்றான். "நீயும் வா. வந்து காட்டு."

"சோத்தத் தின்னுட்டு வாங்க. ஓடிராது" என்றாள் அங்கம்மா, சொல்லிக்கொண்டே விளக்கை ஏற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.